ரோபோ திரும்பினால் தூண் ஏன் நகர்கிறது? லிடார் புள்ளியை மேப் ஃப்ரேமுக்கு மாற்றும் கணக்கு

இருசக்கரன் (கேள்வி)

டிஃபரென்ஷியல் டிரைவ் ரோபோ (இரு சக்கரங்களையும் தனித்தனி வேகத்தில் ஓட்டித் திரும்புவது), ராஸ் 2 (ரோபோ மென்பொருள் தொகுப்பு). பேஸ்_லிங்க் (ரோபோவோடு சேர்ந்து நகரும் ஆயத்தொலைவு ஃப்ரேம்) இரண்டு சக்கரங்களுக்கும் நடு மையத்தில். லிடார் (சுற்றிலும் லேசர் கதிர் வீசித் தூரம் அளக்கும் கருவி) அங்கிருந்து 18 செ.மீ. முன்னால், நடுக்கோட்டிலேயே, 25 செ.மீ. உயரத்தில். கேபிள் வரும் பக்கம் முன்னால் அமைந்துவிட்டதால் லிடாரின் 0 டிகிரி ரோபோவுக்குப் பின்பக்கம் பார்க்கிறது. அதற்காகக் கோணத்தில் பை (180 டிகிரி) கூட்டிக்கொள்கிறேன்.

ரோபோவின் இடமும் அது பார்க்கும் கோணமும் (யாவ்) ஏஎம்சிஎல், அதாவது லிடார் அளவை மேப்போடு ஒப்பிட்டு இடம் கணிக்கும் நிரல், தருவது. லிடார் புள்ளியை மேப் ஆயத்தொலைவுக்கு மாற்ற நான் எழுதியது:

மேப்_எக்ஸ் = ரோபோ_எக்ஸ் + 0.18 + தூரம் × காஸ்(கதிர்_கோணம் + பை + ரோபோ_யாவ்)
மேப்_ஒய் = ரோபோ_ஒய் + தூரம் × சைன்(கதிர்_கோணம் + பை + ரோபோ_யாவ்)

ரோபோவை ஒரே இடத்தில் 45 டிகிரி வீதம் திருப்பி, ஒவ்வொரு முறையும் முழுதாக நிறுத்தி, கூடத்தில் இருக்கும் ஒரு ஒல்லியான தூணின் இடத்தைக் குறித்தேன். 8 புள்ளிகளும் ஒரே இடத்தில் விழவேண்டும். ஆனால் சுமார் 36 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டமாக விழுகின்றன. ரோபோ மேப்பின் எக்ஸ் அச்சைப் பார்த்து நிற்கும்போது மட்டும் சரியாக இருக்கிறது. ஏஎம்சிஎல் கோணம் தவறாகத் தருகிறதா?

டிஎஃப்2 (ஃப்ரேம் மாற்றங்களைத் தானே கணக்கிடும் ராஸ் நூலகம்) பயன்படுத்தச் சொல்வீர்கள் என்று தெரியும். அதில் எதிர்காலத்துக்கு எக்ஸ்ட்ராபொலேஷன் என்று எரர் வந்ததால்தான் கையால் எழுதினேன்.

அச்சாணி

ஏஎம்சிஎல் மேல் பழி போடவேண்டாம். வட்டத்தின் ஆரம் 18 செ.மீ. உங்கள் லிடார் முன்தள்ளி இருப்பதும் 18 செ.மீ. அந்த 0.18-ஐ எந்த ஃப்ரேமில் கூட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

"18 செ.மீ. முன்னால்" என்பது ரோபோவின் பார்வையில் முன்னால். ரோபோ வடக்கே திரும்பினால் லிடாரும் வடக்கே 18 செ.மீ. தள்ளிப் போய்விடும். நீங்களோ அதை எப்போதும் மேப்பின் எக்ஸ் திசையிலேயே கூட்டுகிறீர்கள். யாவ் 0 ஆக இருக்கையில் இரண்டும் ஒன்று, அதனால் பிழை தெரிவதில்லை. மற்ற கோணங்களில் பிழையின் அளவு 2 × 0.18 × சைன்(யாவ்/2). 90 டிகிரியில் 25 செ.மீ., 180 டிகிரியில் 36 செ.மீ.

இரண்டு படியாகச் செய்யுங்கள். முதலில் லிடாரிலிருந்து பேஸ்_லிங்குக்கு, பிறகு பேஸ்_லிங்கிலிருந்து மேப்புக்கு. ஒவ்வொரு படியிலும் வரிசை ஒன்றுதான்: முதலில் சுழற்று, பிறகு நகர்த்து.

எண்களோடு ஒரு முறை. ரோபோ மேப்பில் (4.20, 1.50), யாவ் 30 டிகிரி. லிடார் கதிர் −150 டிகிரி, தூரம் 2.00 மீ.

லிடார் ஃப்ரேமில்: எக்ஸ் = 2 × காஸ்(−150) = −1.732, ஒய் = 2 × சைன்(−150) = −1.000.

பேஸ்_லிங்கில்: 180 டிகிரி சுழற்றினால் (1.732, 1.000). அதோடு (0.18, 0) கூட்டினால் (1.912, 1.000). அதாவது தூண் ரோபோவுக்கு முன்னால், இடப்பக்கமாக.

மேப்பில்:
எக்ஸ் = 4.20 + 0.866 × 1.912 − 0.500 × 1.000 = 5.356
ஒய் = 1.50 + 0.500 × 1.912 + 0.866 × 1.000 = 3.322

உங்கள் சூத்திரம் இதே கதிருக்கு (5.380, 3.232) தரும். வித்தியாசம் 9.3 செ.மீ. இந்த எண்களை அப்படியே ஒரு யூனிட் டெஸ்டாக வைத்துக்கொள்ளுங்கள். யாவ் 0, ஆஃப்செட் 0 என்று சோதித்தால் தப்பான நிரலும் தேறிவிடும். 30 டிகிரி மாதிரி சைனும் காஸும் வேறுபடும் கோணம்தான் சோதனைக்கு உதவும். 45 டிகிரி வேண்டாம். அங்கே இரண்டும் 0.707, இடம் மாற்றி எழுதியிருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

கோணமானி

அச்சாணி சொன்னது சரி. இன்னும் ரெண்டு மூணு விஷயம் இதே இடத்துல கால் வாரும், அதையும் பாத்துடுங்க.

லிடாரைத் தலைகீழா மாட்டியிருந்தா யாவ்ல பை கூட்டி சரிக்கட்ட முடியாது. தலைகீழ்னா ரோல் (முன்-பின் அச்சைச் சுத்தின சுழற்சி) 180. அப்போ கதிர்க் கோணத்தோட குறியே மாறிடும். முன், பின் சரியா வந்து இடமும் வலமும் மட்டும் கண்ணாடியில பாக்குற மாதிரி மாறியிருந்தா இதுதான் காரணம். சோதனை ரொம்ப எளிது: ரோபோவுக்கு இடப்பக்கம் ஒரு அட்டைப்பெட்டி வைங்க. பேஸ்_லிங்க் ஃப்ரேம்ல அதோட ஒய் பாசிட்டிவா வரணும். முன்னாடி வெச்சா எக்ஸ் பாசிட்டிவ். ராஸோட அச்சு, அலகு விதியான ரெப் 103 சொல்றது அதுதான்: எக்ஸ் முன்னால், ஒய் இடப்பக்கம், இசட் மேலே, இடஞ்சுழி பாசிட்டிவ், மீட்டர், ரேடியன்.

குறி தப்பா இருந்தா சுழலும்போது வேற மாதிரி காட்டிக்கொடுக்கும். கண்ணாடிப் பிம்பமா இருந்தா, ரோபோ 90 டிகிரி திரும்பினதுக்கு சுவர் அதே பக்கம் 180 டிகிரி திரும்பும். ரோபோ யாவோட குறியை மாத்திப் போட்டிருந்தா எதிர்ப்பக்கம் 180 திரும்பும். "சுவர் ரெண்டு மடங்கு வேகத்துல சுத்துது"ன்னு யாராவது சொன்னா வேற எதையும் தேடாதீங்க, குறியைத் தேடுங்க.

அடுத்தது ஆர்குமென்ட் வரிசை. லிடார் மாதிரி ரோபோவுல நிலையா மாட்டினதோட இடத்தை டிஎஃப்2க்கு அறிவிக்கிற ஸ்டாட்டிக்_ட்ரான்ஸ்ஃபார்ம்_பப்ளிஷரோட பழைய பாணியில எக்ஸ், ஒய், இசட், யாவ், பிட்ச், ரோல்னு போகும். ரோபோவோட அமைப்பை விவரிக்கிற யூஆர்டிஎஃப் கோப்புல ரோல், பிட்ச், யாவ். ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு காப்பி அடிச்சா உங்க 180 டிகிரி யாவ் ரோல் ஆகிடும், லிடார் தலைகீழாத் தொங்கும். புது பாணியில ஒவ்வொண்ணுக்கும் பேர் போட்டே கொடுக்கலாம், அதையே பழகுங்க.

உங்க சுழற்சிச் சோதனை நல்ல சோதனைதான், ஆனா அது பாதியைத்தான் பிடிக்கும். லிடாரோட இடம் தப்பா இருந்தா சுழற்றும்போது வட்டமா தெரியும். லிடாரோட கோணம் 2 டிகிரி தப்பா இருந்தா அதே சோதனையில கிட்டத்தட்ட ஒண்ணுமே தெரியாது. தளத்துல ரெண்டு சுழற்சியை எந்த வரிசையில செஞ்சாலும் விடை ஒண்ணுதான். அதனால கூடம் மொத்தமும் 2 டிகிரி சாய்ஞ்சு நிக்கும், ஆனா எல்லாத் திசையிலேர்ந்தும் ஒரே மாதிரி சாய்ஞ்சிருக்கும். புள்ளி கலையாது.

கோணத்தைப் பிடிக்கணும்னா நேரா ஓட்டுங்க. தூணுக்கு 6 மீட்டர் முன்னாடி ஆரம்பிச்சு, அதைப் பாத்தே 5 மீட்டர் போங்க. 2 டிகிரி பிழை இருந்தா தூண் 17 செ.மீ. பக்கவாட்டுல நகரும். அந்த நகர்வை ஓடின தூரத்தால வகுத்தா (0.17/5 = 0.034 ரேடியன்) பிழைக் கோணம் கையில வந்துடும். நேரா ஓட்டும்போது இடப்பிழை தெரியாது, அது மாறாத ஒரு தள்ளல்தான். அதனால ரெண்டு சோதனையும் வேணும். ரெண்டையும் ஓடம் ஃப்ரேம்ல (சக்கரம் சுத்தினதை வெச்சு இடம் கணிக்கிறது) பாருங்க, மேப்ல பாத்தா ஏஎம்சிஎல் நடுவுல புகுந்து திருத்தி உங்களைக் குழப்பும்.

இருசக்கரன்

ஆஃப்செட்டைச் சுழற்றிய பிறகு கூட்டினேன். 8 புள்ளிகளும் 2 செ.மீ.க்குள் விழுகின்றன. (5.356, 3.322) டெஸ்டும் தேறிவிட்டது. நேராக ஓட்டியதில் 5 மீட்டருக்கு 4 செ.மீ. நகர்கிறது, அரை டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அதையும் யூஆர்டிஎஃப்-இல் திருத்திவிட்டேன்.

ஆனால் ரோபோ நிற்கும்போதுதான் இதெல்லாம் சரி. சுழன்றுகொண்டே இருக்கும்போது எடுத்தால் தூண் பட்டையாக இழுபடுகிறது. வேகம் நொடிக்கு 1 ரேடியன், லிடார் 10 ஹெர்ட்ஸ், ஓடம் 20 ஹெர்ட்ஸ். டிஎஃப்2-க்கு மாறிப் பார்த்தேன், பழைய எரர் மறுபடி வருகிறது.

குறுக்குவழி

டிஎஃப்2கிட்ட ட்ரான்ஸ்ஃபார்ம் கேக்குற லுக்கப்ல ஸ்கேன் நேரத்துக்குப் பதிலா 0 கொடுங்க. கடைசியா வந்த ட்ரான்ஸ்ஃபார்மை எடுத்துக்கும், எரர் போயிடும்.

அச்சாணி

எரர் போகும், பட்டை போகாது.

அந்த எரர் குறை சொல்லவில்லை, உண்மையைச் சொல்கிறது. ஓடம் 20 ஹெர்ட்ஸ் என்றால் 50 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் ரோபோவின் இடம் வருகிறது. ஸ்கேன் இப்போது வந்துவிட்டது, அந்த நேரத்துக்கான ரோபோ இடம் இன்னும் வரவில்லை. டிஎஃப்2 இரண்டு இடங்களுக்கு நடுவே இடைமதிப்பு கண்டுபிடிக்கும். முன்னால் ஊகித்துப் போகாது. 0 கொடுத்தால் 50 மில்லிசெகண்டு வரை பழைய இடத்தை வைத்துக் கணக்குப் போடும். நொடிக்கு 1 ரேடியன் வேகத்தில் அது 0.05 ரேடியன், 5 மீட்டர் தொலைவில் 25 செ.மீ. நின்றுகொண்டிருக்கும் ரோபோவுக்கு 0 கொடுத்தால் கேடில்லை. ஓடுகிற ரோபோவுக்கு வேண்டாம்.

செய்யவேண்டியது காத்திருப்பது. லுக்கப்பில் ஸ்கேனின் நேரமுத்திரையையே கொடுத்து, டைம்அவுட் 0.1 நொடி வையுங்கள். சி++ என்றால் டிஎஃப்2-வின் மெசேஜ் ஃபில்டர் இன்னும் நல்லது, ட்ரான்ஸ்ஃபார்ம் வந்த பிறகுதான் ஸ்கேனை உங்களிடம் தரும். ஓடமை 50 ஹெர்ட்ஸுக்கு உயர்த்த முடிந்தால் உயர்த்துங்கள், காத்திருப்பும் குறையும்.

இன்னொரு அடுக்கு இருக்கிறது. 10 ஹெர்ட்ஸ் லிடார் ஒரு சுற்றுக்கு 0.1 நொடி எடுக்கிறது. அந்த நேரத்தில் ரோபோ 0.1 ரேடியன் திரும்பிவிடுகிறது, 5.7 டிகிரி. முதல் கதிரையும் கடைசிக் கதிரையும் ஒரே இடத்திலிருந்து எடுத்ததாகக் கொண்டால் 5 மீட்டரில் அரை மீட்டர் பிழை. லேசர்ஸ்கேன் செய்தியில் நேரமுத்திரை என்பது முதல் கதிரின் நேரம்; கதிர் எண்ணை டைம்_இன்கிரிமென்டால் பெருக்கிக் கூட்டினால் அந்தந்தக் கதிரின் நேரம் கிடைக்கும். லேசர்_ஜியோமெட்ரி நூலகத்தில் ப்ரொஜெக்ட்லேசர் இதைக் கவனிக்காது. ட்ரான்ஸ்ஃபார்ம்லேசர்ஸ்கேன்டுபாயின்ட்க்ளவுட் ஸ்கேனின் தொடக்க, முடிவு நேரங்களுக்கு நடுவே இடைமதிப்பு எடுத்து ஒவ்வொரு கதிரையும் அதன் இடத்தில் வைக்கும்.

அதற்கு முன் டிரைவரைச் சந்தேகியுங்கள். விலை குறைந்த லிடார்களின் டிரைவர் சில டைம்_இன்கிரிமென்டை 0 ஆகவே விட்டுவிடும். சில சுற்று முடிந்த பிறகு நேரமுத்திரை குத்தும். செய்தியை ஒரு முறை அச்சிட்டுப் பாருங்கள். ரோபோவில் ஒரு ராஸ்பெரி பை, மேசையில் ஒரு லேப்டாப் என்று இரண்டு கடிகாரங்கள் இருந்தால் க்ரோனி (கடிகார நேரத்தை ஒத்திசைக்கும் நிரல்) வைத்து ஒன்றோடொன்று பொருத்துங்கள். 100 மில்லிசெகண்டு கடிகார வித்தியாசம் எந்தச் சூத்திரத்தாலும் தீராது.

கோணமானி

பைத்தான்ல எழுதுறீங்கன்னா ஒரு கண்ணி இருக்கு. டிஎஃப் செய்தியை வாங்குற பைத்தான் ட்ரான்ஸ்ஃபார்ம்லிஸ்னர் தனக்குத் தனி த்ரெட் எடுத்துக்காது, ஸ்பின்_த்ரெட் இயல்பாவே ஃபால்ஸ். ஒத்தை த்ரெட் எக்ஸிக்யூட்டர்ல, ஸ்கேன் கால்பேக்குக்குள்ள (ஸ்கேன் வந்ததும் ஓடுற ஃபங்ஷன்) 0.1 நொடி காத்திருந்தா, டிஎஃப் செய்தியை வாங்கிப் போட ஆளே இல்ல. வாசலைப் பூட்டிட்டு தபால்காரரை எதிர்பாக்குற கதை. எத்தனை நொடி கொடுத்தாலும் டைம்அவுட்தான் ஆகும். ஸ்பின்_த்ரெட்டை ட்ரூ ஆக்குங்க, இல்லேன்னா ஸ்கேனை ஒரு வரிசையில வெச்சுட்டு அடுத்த கால்பேக்ல முயற்சி பண்ணுங்க. சி++ல இந்தத் தொல்லை இல்ல, அங்க தனி த்ரெட்தான் இயல்பு.

லுக்கப்ல முதல் ஆர்குமென்ட் போகவேண்டிய ஃப்ரேம், ரெண்டாவது இப்ப இருக்குற ஃப்ரேம். மேப், லேசர்னு கொடுத்தா லேசர் புள்ளியை மேப்புக்கு மாத்துற ட்ரான்ஸ்ஃபார்ம் வரும். அதையே "மேப்ல லேசர் எங்க இருக்கு"ன்னும் படிக்கலாம், ரெண்டும் ஒரே அணிதான். டிஎஃப்2_எக்கோவுக்கும் அதே வரிசையில மேப் பேஸ்_லிங்க்னு கொடுங்க, ரோபோ மேப்ல இருக்குற இடம் வரும். அதோட உதவிக்குறிப்பு முதல் ஃப்ரேமை சோர்ஸ்னு சொல்லும், அதைப் படிச்சுத்தான் பாதிப் பேர் குழம்புறாங்க.

கையால எழுதும்போது பேர் வைக்கிற முறை ஒண்ணு சொல்றேன், முக்கால்வாசிப் பிழை எழுதும்போதே கண்ணுல படும். மேப்_பேஸ், பேஸ்_லேசர்னு பேர் வைங்க. பெருக்கும்போது பக்கத்துப் பேர் ஒத்துப்போகணும்: மேப்_பேஸ் × பேஸ்_லேசர் × புள்ளி_லேசர் = புள்ளி_மேப். பேஸ் பேஸோட சேரும், லேசர் லேசரோட சேரும். மேப்_பேஸ் × லேசர்_பேஸ்னு எழுதினா ஓட்டிப் பாக்கவே வேண்டாம், தப்புன்னு தெரியும்.

சேர்த்து வெக்கிற புள்ளிகளை எந்த ஃப்ரேம்ல வெக்கணும்ங்கிறதும் முக்கியம். ஓடம் ஃப்ரேம் பேருக்கு ஏத்த மாதிரியே, நீரோட்டத்துல போற ஓடம். மெதுவா விலகிப் போகும், ஆனா குதிக்காது. மேப் ஃப்ரேம்ல ஏஎம்சிஎல் திருத்தம் வரும்போது ரோபோ சட்டுன்னு 10 செ.மீ. குதிக்கலாம். கடைசி 2 நொடியில பாத்த தடையைத் தவிர்க்கணும்னா ஓடம்ல வைங்க. நாளைக்கும் அந்த மேசைக்குப் போகணும்னா மேப்.

இருசக்கரன்

ஸ்பின்_த்ரெட் தான்! மாற்றியதும் எரர் நின்றுவிட்டது. டைம்_இன்கிரிமென்ட் எங்கள் டிரைவரில் 0 தான். ஸ்கேன் நேரத்தைக் கதிர்களின் எண்ணிக்கையால் வகுத்து நானே நிரப்பினேன். பட்டை 6 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிட்டது, போதும்.

கடைசியாக ஒன்று. தூணுக்கு 60 செ.மீ. முன்னால், தூணைப் பார்த்தபடி ரோபோ நிற்கவேண்டும். மேப்பிலிருந்து பேஸ்_லிங்குக்குத் திரும்ப மாற்ற, யாவுக்கு மைனஸ், ரோபோ_எக்ஸ், ரோபோ_ஒய் இரண்டுக்கும் மைனஸ் போட்டு அதே ஃபங்ஷனை அழைத்தேன். விடை வேறெங்கோ போகிறது.

அச்சாணி

அந்த ஃபங்ஷன் முதலில் சுழற்றும், பிறகு நகர்த்தும். திரும்பி வரும்போது வரிசையும் திரும்பவேண்டும்: முதலில் கழி, பிறகு எதிர்ப்பக்கம் சுழற்று. செருப்பைப் போட்டபின் கழற்றாமல் சாக்ஸைக் கழற்ற முடியாது. அதே ஃபங்ஷனைப் பயன்படுத்தியே தீரவேண்டும் என்றால், கொடுக்கவேண்டிய நகர்வு (−4.20, −1.50) அல்ல, அதை −30 டிகிரி சுழற்றிய பிறகு வருவது.

பழைய எண்களிலேயே பாருங்கள். (5.356 − 4.20, 3.322 − 1.50) = (1.156, 1.822).
எக்ஸ் = 0.866 × 1.156 + 0.500 × 1.822 = 1.912
ஒய் = −0.500 × 1.156 + 0.866 × 1.822 = 1.000
புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். இதையும் டெஸ்டில் சேருங்கள்: போய்த் திரும்பினால் 1 மி.மீ.க்குள் அதே புள்ளி.

இலக்கை மேப்பிலேயே கணக்கிடலாம், பேஸ்_லிங்குக்கு வரவே தேவையில்லை. ரோபோவிலிருந்து தூணுக்குத் திசை ஏடான்2(1.822, 1.156) = 57.6 டிகிரி, தூரம் 2.158 மீ. தூணிலிருந்து அந்தத் திசையில் 0.60 பின்வாங்கினால் (5.035, 2.815). நினைவிருக்கட்டும், இந்த 60 செ.மீ. தூணின் மேற்பரப்பிலிருந்து பேஸ்_லிங்க் வரை. ரோபோவின் மூக்கு சக்கர அச்சிலிருந்து 25 செ.மீ. நீண்டிருந்தால் உண்மையான இடைவெளி 35 செ.மீ. தான்.

இலக்கின் திசையைக் குவாட்டர்னியனாக (சுழற்சியைக் குறிக்கும் நான்கு எண்களாக) கொடுக்கவேண்டும். யாவ் மட்டும் என்றால் எக்ஸ், ஒய் இரண்டும் 0; இசட் = சைன்(28.8) = 0.482, டபிள்யூ = காஸ்(28.8) = 0.876. பாதிக் கோணம் என்பதைக் கவனியுங்கள். இசட்-இல் கோணத்தையே போட்டுவிட்டு "ரோபோ ஏதோ ஒரு பக்கம் பார்க்கிறது" என்று கேட்பவர்கள் வாரம் ஒருவராவது வருகிறார்கள்.

கோணமானி

ஐகன்ங்கிற சி++ கணித நூலகத்துல குவாட்டர்னியன் கன்ஸ்ட்ரக்டர் டபிள்யூவை முதல்ல கேக்கும், ராஸ் செய்தியில டபிள்யூ கடைசி. அதையும் சேத்துப் பாத்துக்கோங்க. யாவ் வித்தியாசம் எடுக்கும்போது நேராக் கழிக்காதீங்க: 179லேர்ந்து −179க்கு வித்தியாசம் 2 டிகிரிதான், கழிச்சா −358 வரும், ரோபோ இலக்குல போய் ஒரு முழுச் சுத்து சுத்தும். வித்தியாசத்தோட சைனையும் காஸையும் ஏடான்2க்கு கொடுத்தா −பை முதல் +பைக்குள்ள வந்துடும்.